பதினான்காவது ஆள்

இந்த நகரத்தை எனக்குக்
கணுக்காலுக்குக் கீழேதான் தெரியும்.
வங்கிக்காரரின் இடது குதிகால் தேய்ந்திருக்கும்.
சம்பளம் வராத மாதம்
தோலில் முதலில் தெரியும்,
முகத்தில் பிறகு.

ஆறு மணிக்கு எல் ஆல்ட்டோவிலிருந்து
சிவப்புக் கேபிள் காரில் இறங்குகிறேன்.
காலுக்கு அடியில் கல்லறைத் தோட்டம்,
அதற்கும் கீழே லா பாஸ்,
ஆறிய கஞ்சியில் ஆடை படிந்த மாதிரி மூட்டத்தோடு.
மடியில் என் பை:
புள்ளியியல் புத்தகம் மேலே,
பாலிஷ் டப்பாக்கள் கீழே,
நடுவில் சுருட்டிய கம்பளி முகமூடி.

அதை மாட்டிக்கொள்ள
தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு கழிப்பறை.
கட்டணம் ஒரு பொலிவியானோ.
மாணவனாக உள்ளே போய்
இரண்டு கண்ணாக வெளியே வருகிறேன்.

அம்மாவிடம் ஜெராக்ஸ் கடை வேலை என்று சொல்லியிருக்கிறேன்.
நகக்கண் கறுப்புக்கு மைதான் காரணம் என்று
நம்புகிறாள்,
அல்லது நம்புவதாக
எலுமிச்சைத் துண்டை என் தட்டருகே வைக்கிறாள்.

ஊர்வலம் வரும் நாட்களில் வியாபாரம் இல்லை.
நிலத்துக்காகக் கத்திக்கொண்டு
ஆயிரம் பேர் போவார்கள்.
நான் அவர்கள் பக்கம்தான்.
ஆனால் டயர் செருப்புக்குப் பாலிஷ் போட முடியாது.

இந்தப் பருவத்தில் ஆய்வு முறைகள் என்றொரு பாடம்.
குழுவுக்குத் தலைப்பு சொன்னவள் ஃபாபியோலா:
நகர மையத்தில் காலணி துடைப்போர்.
மூன்று கைகள் உயர்ந்தன.
நான்காவது என்னுடையது.
உயர்த்தாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே.

கேள்வித்தாளை நூலகத்தில் உட்கார்ந்து எழுதினோம்.
ஏழாவது கேள்வி நான் எழுதியது.
பேராசிரியர் அதன் ஓரத்தில்
'அருமை' என்று எழுதியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை.
என் பெட்டிமேல் வந்து நின்றது
ஒரு பழுப்பு பூட்ஸ்,
வாரில் ஆணியால் குத்திய கூடுதல் துளை.
நிமிராமலே தெரிந்துவிட்டது.

வயது?
குரலைக் கனமாக்கிக்கொண்டேன். இருபத்தெட்டு.
பிள்ளைகள்? இரண்டு.
(பெயர் கேட்டால் சொல்ல
யோசித்து வைத்திருந்தேன். கேட்கவில்லை.)
படிப்பு? ஐந்தாம் வகுப்பு.
'ஐயோ' என்றாள் மெதுவாக.
உண்மையாகவே வருந்தினாள்,
அதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் ஏழு.
'முகமூடி யாரிடமிருந்து மறைய?
அ. குடும்பம். ஆ. அண்டை வீட்டார்.
இ. காவல்துறை. ஈ. மற்றவை.'

எழுதும்போது எனக்கு,
'இந்தக் கேள்வியைக் கேட்பவர்' என்று
இன்னொரு கட்டம் போடத் தோன்றவே இல்லை.

மற்றவை, என்றேன்.
குறிப்பிடுங்கள், என்றாள்.
பஸ் புகை. பாலிஷ் வாடை. மலை வெயில்.
ஒவ்வொன்றும் நிஜம்தான்,
அதனால் பொய் சொல்வது எளிதாக இருந்தது.

மூன்று பொலிவியானோவுக்கு ஐந்து கொடுத்து
மீதி வேண்டாம் என்றாள்.
வாங்கிக்கொண்டேன்.
கேள்வித்தாள் ஜெராக்ஸுக்கு என் பங்கு
இரண்டு பொலிவியானோ பாக்கி இருந்தது.
மாலையில் அவளிடமே கொடுத்தேன்.

இரவு, நூலகம் மூட அரை மணி நேரம்.
அவள் படிக்க, நான் கணினியில் ஏற்றினேன்.
'இந்தப் பதினான்காவது ஆள்,' என்று நிறுத்தினாள்,
'இருபத்தெட்டு வயசுன்னான்.
கையைப் பார்த்தா அப்படித் தெரியலை.'

'எடுத்துடலாமா?' என்றேன்.

யோசித்தாள்.
முப்பது பேர் வேண்டும் என்பது விதி.
முப்பது பேர்தான் இருந்தார்கள்.
'இருக்கட்டும்.'

ஐந்தாம் வகுப்பு, என்று தட்டினேன்.
இரண்டு பிள்ளைகள். மற்றவை.
மேசைக்கு அடியில் அவள் பூட்ஸ்
இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தது.
இடது முனையில் மட்டும்
ஒரு விரல் அகலம் விட்டுப்போயிருந்தது,
ஏழாவது கேள்வி வந்த இடம்.