பின்பக்கத்துக் கை

திங்கட்கிழமை கூடம் மூடியிருக்கும்.
எகிப்திலிருந்து இரவல் வந்த தம்பதிக்குத்
தூசி தட்டுவது என் வேலை.
மெல்லிய தூரிகை. மூச்சுப் படாமலிருக்க முகமூடி.

அவன் இடக்கால் முன்னே.
நாலாயிரம் வருடமாக அடுத்த அடி பாக்கி.
கைக்கும் விலாவுக்கும் நடுவே கிடந்த கல்லைச்
சிற்பி வெட்டி எடுக்கவில்லை,
எடுத்தால் கை ஒடியும்.
மூடிய முட்டிக்குள் என்னவென்று
பட்டியலிலும் இல்லை.
மூக்கு போன பிறகும் அவளுக்கு ஒரு கர்வம்.
இருவரும் நேரே பார்க்கிறார்கள்,
ஒருவரையொருவர் பார்த்ததேயில்லை.

சுவரோரம் நுழைந்து துடைத்தபோதுதான் கண்டேன்:
அவள் கை
அவன் முதுகைச் சுற்றிப் போகிறது.
முன்னால் நிற்பவர்களுக்கு
இடுப்பில் நாலு விரல் மட்டும்.

ஆறு பதினேழு கல்யாண் ஸ்லோ, மகளிர் பெட்டி.
கைக்கும் விலாவுக்கும் நடுவே
காற்றுக்குக்கூட இடமில்லை.
முட்டிக்குள் சீசன் டிக்கெட்.
சயானில் இறங்க
இப்போதே இடக்காலை முன்னே வைத்திருந்தேன்.

மஸ்ஜித் தாண்டி ஒரு குலுக்கல்.
பின்னாலிருந்து யாருடையதோ உள்ளங்கை
என் முதுகில் பதிந்து நிறுத்தியது.
சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, பைகுல்லா,
சிஞ்ச்போக்லி வரை
எடுக்கவில்லை.

வளையல் போட்ட கை. ஈரமாக இருந்தது.
யாரென்று தெரியாது,
அந்த நெரிசலில்
கழுத்து திரும்பாது.