பதினேழு சதவீதம்

ஹம்போல்ட் ஊரில் கணினிக் கடை ஒன்றுதான்.
பாதிக் கடை செல்பேசி உறைகள், மீதி லிகாயா.
நான் பட்டியலோடு போயிருந்தேன்:
பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நீல விளக்கு,
ஆறு திரை, தண்ணீர் ஓடிக் குளிரும் மூளை.
படித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தாள்.
“மாதத்துக்கு எத்தனை தடவை விற்பீர்கள்?”

நாலு. அறுவடை சமயம் என்றால் ஆறு.

அவள் சிரிக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே
இங்கேதான் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

அதன்பின் கேட்டதெல்லாம்
பிரசவ அறையில் கேட்கிற மாதிரிக் கேள்விகள்.
எங்கே வைப்பீர்கள்?
மின்சாரம் போனால் எவ்வளவு நேரம் போகும்?
வேறு யார் தொடுவார்கள்?
பூனை உண்டா?

பிப்ரவரியில் நடந்ததைச் சொன்னேன்.
காலை ஒன்பது பத்து. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
களஞ்சியத்தில் முந்நூற்று நாற்பது டன் கனோலா.
விலை விழப்போவது எனக்குத் தெரியும்.
தெரியும் என்பது பொய். வயிறு சொன்னது.
பதினேழு ஒப்பந்தம் முன்பேரத்தில் விற்றுவிட
சுட்டியின் மேல் விரலை வைத்தேன்,
திரை நீலமானது.
தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறதாம்.
தயவுசெய்து அணைக்க வேண்டாம் என்றது, வெகு மரியாதையாக.
பதினேழு சதவீதத்தில் போய் நின்றது,
சாலையோரப் பள்ளத்தில் இறங்கிய லாரி மாதிரி.
நாற்பது நிமிடம்.
டன்னுக்கு இருபத்திரண்டு டாலர்.
பெருக்கிப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன்.

மகன் விளையாட வாங்கிய இயந்திரம் அது,
இந்த வட்டாரத்திலேயே வேகமானது.
மண்குதிரைக்கும் பிடரி மயிர் அழகாகத்தான் இருக்கும்.

லிகாயா பின்னறைக்குப் போய்
சாம்பல் நிறப் பெட்டியொன்றைத் தூக்கி வந்தாள்.
காப்பீட்டு அலுவலகத்தில் ஐந்து வருடம்
கணக்கெழுதி ஓய்வு பெற்றதாம்.
“இதுவா?”
“இதுதான். இதற்குக் கனவெல்லாம் கிடையாது.”

உள்ளே இரண்டு வட்டு,
எழுதுவதை இரண்டிலும் எழுதும்;
ஒன்று செத்தால் இன்னொன்று சாட்சி சொல்லும்.
காற்றில் வரும் இணையம் வேண்டாம், கம்பி.
கம்பி அறுந்தால் செல்பேசியின் சிம்.
விதை மூட்டை கனத்தில் ஒரு யுபிஎஸ்.
புதுப்பிப்பதெல்லாம் ஞாயிறு மதியம்,
நாங்கள் தேவாலயத்திலிருந்து திரும்பிய பிறகு,
என் கண்ணெதிரே.
விளையாட்டு கூடாது, மின்னஞ்சல்கூடக் கூடாது.
அதே மாதிரி இன்னொரு பெட்டி, இருநூறு டாலர்,
அலமாரியில் சும்மா கிடக்கட்டும் என்றாள்.
கடைசியில் தடித்த பேனா எடுத்து
வின்னிபெக் தரகரின் எண்ணை அட்டையில் எழுதி,
“சுவரில் ஒட்டுங்கள், கம்பி வைத்த போன் பக்கத்தில்.
மற்றதெல்லாம் செத்த பிறகு ஓடுகிற கணினி இது.”

ஆறு திரை கேட்டவளுக்கு
ஒரு திரையும் ஓர் அட்டையும்.

நவம்பரில் புயல் வந்தது.
காலை ஏழரை, இன்னும் விடியவில்லை,
எங்கோ மின்கம்பி அறுந்து வீடு கறுத்தது.
கொதிகலன் நின்ற சத்தம் முதலில் கேட்டது,
அப்புறம் யுபிஎஸ்ஸின் கீச்.
காலணி அறையில் திரை மட்டும்
ஒன்றும் நடக்காதது போல எரிந்துகொண்டிருந்தது.
இணையம் கண் சிமிட்டிச் சிம்முக்குத் தாவியது.
எண்கள் ஓடின.
எழுந்து நின்று பார்த்தேன். கை நடுங்கியது,
குளிரிலா என்று தெரியவில்லை.

இருபத்தாறு நிமிடம் எல்லாமே தாங்கின.
சந்தை ஒரு டாலர் ஏறியது,
அதே டாலர் இறங்கியது.
நான் எதையும் விற்கவில்லை. விற்க எதுவுமில்லை.

ஐசக் டார்ச்சோடு வந்தார்,
போர்வைக்குள்ளிருந்து கெட்டிலின் பிளக்கை நீட்டி,
“இதை அதில் சொருகலாமா?”

கூடாது.

“ஒரே ஒரு கோப்பை.”

கூடாது என்றேன் மறுபடியும்,
அவர் உட்கார இடம்விட்டு நகர்ந்துகொண்டே.