ஒரு தாளில் இரண்டு வட்டம்

கருங்கல் சந்தைக்குப் பின்னால் மாடிப்படி ஏறினால்
ரசல் வீடியோஸ். ரசலண்ணன் கேமராவோடு வெளியே.
உள்ளே நான்: சிடி எழுத, லேபிள் அடிக்க, ஒட்ட.

ஸ்டிக்கர் தாளில் இரண்டு வட்டம்தான் உண்டு.
மேல்வட்டம் போன வாரம்
மத்திகோட்டுக் கல்யாணத்துக்குப் போயிற்று:
ரோஜா, இரண்டு புறா, 'ஜெபின் வெட்ஸ் சைனி'.
கீழ்வட்டம் மிச்சம். தாள் விற்கிற விலைக்கு
எறியவா முடியும்?
தலைகீழாகப் பிரிண்டருக்குள் விட்டேன்.

குறும்பனையிலிருந்து டெல்பின் வந்திருந்தாள்.
தகப்பன் கிளீட்டஸின் அடக்கம், இரண்டு மணி நேரம்,
மூன்று காப்பி. தோஹாவுக்கு ஒன்று, குவைத்துக்கு ஒன்று.
"மூணாவது?"
"அது சும்மா கெடக்கட்டும்."

வாசகம் என்ன போட என்றேன்.
திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.
"அப்பாக்க பேரு மட்டும் போடுங்க.
அந்தப் புறாவ எடுத்திருங்க."

அட்டையிலிருந்து எடுத்த படம்,
மீனவர் சங்க முத்திரை கன்னத்தில் பாதி.
நடு ஓட்டை முகத்தைத் தின்னாமலிருக்க
இடப்பக்கம் நகர்த்தினேன்.
பேருந்தில் யாருக்கோ இடம் விட்டு
ஒதுங்கி உட்கார்ந்தவர் போல ஆகிவிட்டார்.

ஒட்டுவதற்குக் கருவி கிடையாது.
ஐம்பது சிடி வரும் காலி டப்பா,
அதன் நடுக்குச்சி.
லேபிளைப் பசை மேலே தெரியக் குச்சியில் கோத்து,
சிடியை மேலிருந்து இறக்கி
மூச்சைப் பிடித்துக்கொண்டு விடவேண்டும்.
ஒரே தடவை. தொட்டதும் தொட்டதுதான்.
பிறகு பழைய பனியன் துணியால்
நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளவேண்டும்.

ஆனிச் சாரல். தாள் நமத்திருந்தது.
இரண்டாவது சிடியில் ஒரு நூல் விலகிற்று.
பார்த்தேன்.
பார்த்துவிட்டு உறையில் வைத்து மூடினேன்.
உறையின் முதுகில், அலமாரியில் நிற்கையில் படிக்க,
'கிளீட்டஸ்'. அது நேராக வந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து தோஹாவிலிருந்து போன்.
மூத்தவன், சீலன்.
"அக்கா, போட்டா தடதடங்குது,
உள்ள வண்டு மாட்டுன மாதிரி."
ஒரு நூல்தான். சுற்றுகிறபோது அது நூலில்லை.
உரிக்காதீங்க என்று நான் சொல்வதற்குள்
உரிச்சுட்டேன் என்றான்.

லேபிளோடு வெள்ளியும் வந்துவிட்டது.
குருசு, குடைகள், மண் போட்ட கைகள்,
டெல்பின் மயங்கி விழுந்த இடம்
எல்லாம் அந்த முகத்தின் பின்னால்
செதில் செதிலாக ஒட்டிக்கொண்டு.
"இப்ப சிடி வழியா டியூப்லைட் தெரியுது"
என்றான். கோபமில்லாமல் சொன்னான்.
திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

செலவு உன் சம்பளத்தில் என்றார் ரசலண்ணன்.
சரி என்றேன்.
டெல்பினிடம் மூன்றாவது காப்பி இருக்கிறது.
கேட்கவில்லை. புதிதாக எழுதினேன்.

சீலன் மறுபடி கூப்பிட்டான்.
"இதுல ஒண்ணும் ஒட்டாண்டாம்.
அப்பா படம் உள்ளத தனியா,
உரிக்காம, அப்படியே அனுப்புங்க."
"எதுல ஒட்டப்போறீங்க?"
"கார்டு தீரப்போவுது அக்கா" என்றான்.
தீர்ந்தேவிட்டது.

புதுத் தாள் பிரித்தேன்.
இரண்டு வட்டத்திலும் அவரையே அடித்தேன்.
கத்தரியால் குறுக்கே வெட்டி ஒரு பாதியை
வெற்று சிடியோடு கவரில் வைத்தேன்.

மற்றது டிராயரில் கிடக்கிறது.
கல்யாணக்காரர்கள் வந்து நிற்கும்போது
தாளுக்காகக் கைவிட்டால்
முதலில் அதுதான் விரலில் தட்டும்.
தள்ளி வைத்துவிட்டு
அடியிலிருந்து உருவுவேன்.