மெது ரயில்

சிவப்பு எக்ஸ்பிரஸ் எங்கும் நிற்காது.
விமான நிலையத்தில் மூடிய கதவைத்
தெர்மினியில்தான் திறக்கும்.
அதில் ஏறுகிறவர்கள் ரோமுக்கு வருகிறவர்கள்.
ரோமில் இருக்கிறவர்கள்
பக்கத்து நடைமேடைக்குப் போவோம்.
கிட்டத்தட்டப் பாதி விலை. வழியெல்லாம் நிறுத்தம்.
இருக்கையில் யாரோ விட்டுப்போன ஆரஞ்சுத் தோல்.

சீருடைக் கோட்டைப் பைக்குள் திணித்துவிட்டு
ஷூவிலிருந்து குதிகாலை மட்டும் விடுவித்து உட்கார்ந்தேன்.
எட்டு மணி நேரமாய் நான் சொன்னது ஒரே வாக்கியம்:
உங்கள் பெட்டி வரவில்லை.
ஐந்து மொழிகளில் அதைச் சொல்லத் தெரியும்,
மன்னிப்புக் கேட்க மூன்றில்தான்.

கதவு மூடுகிற நேரத்தில் ஏறி
எதிரில் வந்து உட்கார்ந்தார் அவர்.
வில்னியூஸிலிருந்து வந்த வைதோத்தாஸ்,
இன்றைய என் கடைசி ஆள்.
வெறுங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்
முதலில் முழங்காலில் வைத்தார்,
பிறகு கக்கத்தில்.

அவர் பிறந்த தேதி எனக்குத் தெரியும்.
மியூனிக்கில் தங்கிவிட்ட பெட்டியின் நீலம் தெரியும்,
உடைந்த பூட்டு தெரியும்.
'உள்ளே என்ன' என்கிற கட்டத்தில் எழுதியிருந்தார்:
சட்டை நான்கு.
கறுப்பு ரொட்டி இரண்டு.
பிரஷர் குக்கர் மூடி ஒன்று.

"மூடி மட்டுமா?"
"குக்கர் இங்கே இருக்கிறது."
அதற்கு மேல் எழுதப்
படிவத்தில் கட்டம் இல்லை.

சீருடை இல்லாத என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.
"இது நகர மையத்துக்குப் போகுமா?" என்றார்.
பத்து வருஷமாய் இதே தடத்தில் போகிறேன்.
மையம் என்ற பெயரில் ஒரு நிலையம் வந்ததில்லை.
என்னுடையது திபுர்தினாவில்,
மூன்றாம் மாடியில்,
ஒரு காலடியில் அட்டை மடித்து வைத்த சமையலறை மேசை.
"எங்கே இறங்கணும்?"
"டுஸ்கொலானா."
"வந்தால் சொல்கிறேன்."

போன்தே கலேரியா. நாணல்.
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய செத்த கார்கள்.
மாலியானாவில் பால்கனிகள்
ரயிலை உரசும் அளவுக்குக் கிட்டத்தில்.
பனியனோடு ஒருவர்
இந்நேரத்தில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.
எங்கள் வெளிச்சம் அவர் முதுகில் ஏறி இறங்குகிறது,
திரும்பிப் பார்க்கவில்லை.

போன் வந்தது அவருக்கு.
அவர் மொழி எனக்குத் தெரியாது.
இடது கையில் போன், வலது கை
காற்றில் ஒரு வட்டம் போட்டது,
இவ்வளவு பெரிசு என்று,
பார்க்க முடியாத யாருக்கோ.
ஜாடிக்கேற்ற மூடி என்று சுலபமாய்ச் சொல்லிவிட்டார்கள்.
ஜாடி ஒரு நாட்டிலும்
மூடி இன்னொரு நாட்டிலும் கிடந்தால்
என்ன செய்வது என்று சொல்லாமல் போய்விட்டார்கள்.

பேசிக்கொண்டே
மடியில் விலாசச் சீட்டைப் பிரித்தார்.
தலைகீழாய்ப் படிப்பது
கவுன்ட்டர்க்காரிக்குக் கைவந்த வேலை.
தெரு சரி.
கதவு எண் பதினேழு.

நான் தட்டச்சு செய்தது பதினொன்று.

ஏழின் இடுப்பில் அவர் இழுத்த சின்னக் கோடு
அப்போது மடிப்புக்குள் இருந்திருக்கிறது.
அல்லது எனக்கு வீட்டுக்குப் போகும் அவசரம் இருந்திருக்கிறது.

சொல்லியிருக்கலாம்.
நான்தான் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் என்று
வாய்வரை வந்தது.
த்ரஸ்தேவெரேயில் பெட்டிச் சக்கரங்களின் இரைச்சலோடு
பாதி ரயில் இறங்கியது,
அந்தச் சந்தடியில் அப்படியே விழுங்கிவிட்டு
இரவு ஷிப்டில் இருக்கும் தூச்சோவுக்கு மெசேஜ் அனுப்பினேன்:
மியூனிக். நீலம். உடைந்த பூட்டு.
பதினொன்று இல்லை, பதினேழு.
கட்டைவிரல் ஒன்று பதிலாய் வந்தது.
ஓஸ்தியென்சே தாண்டும்போது இன்னொரு வரி:
'நீ இன்னும் வீடு போகலியா?'

"இதுதான்" என்றேன்.
எழுந்தார். நன்றி என்றார் என் மொழியில்,
அழுத்தத்தைத் தவறான அசையில் போட்டு.
கவுன்ட்டரில் அவர் அதைச் சொல்லவில்லை,
சொல்ல எந்தக் காரணமும் அங்கே இல்லை.
நடைமேடையில் எந்தப் படிக்கட்டு என்று நின்று பார்த்தார்,
கைகள் மறுபடி கக்கத்தில்.

ரயில் நகர்ந்தது.
அவருடைய தெருவில் பதினொன்றாம் எண்ணில்
யாரோ தூங்கிக்கொண்டிருப்பார்,
நாளை தன் வாசலுக்கு வர இருந்த
நான்கு சட்டையும் ஒரு மூடியும்
இனி வரப்போவதில்லை என்பது
தெரியாமல்.