கறுப்புக்கு ஒரு ஸ்கிரீன்

ஃபைல் வந்தது வியாழன் இரவு பதினொன்றே காலுக்கு.
குழந்தைச் சட்டைக்கு நெஞ்சுப் படம்,
மூன்று மாதம் முதல் ஆறு வயது வரை.
வயலில் ஒரு வைக்கோல் போர்,
பக்கத்தில் அதன் நிழல்.
அவ்வளவுதான்.
நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால்
பிரான்சில் ஓர் ஆள் வெளியே நின்று வரைந்ததாம்.
அதே போரை
காலையில், பனியில், பொழுது சாய்கையில்,
திரும்பத் திரும்ப.
"வேற சோலியில்லையாட்ட இருக்குது"
என்றார் சென்னியப்பண்ணன்,
டீ கிளாஸை என் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்து.

என் வேலை பிரிப்பது.
எந்தப் படம் வந்தாலும்
எட்டு நிறத்துக்குள் உடைத்துத் தர வேண்டும்,
நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன்.
ஒன்பதாவது கேட்டால் கம்பெனிக்குக் கட்டாது.
பதினோரு வருஷமாக முதலில் கறுப்பைத்தான் எடுப்பேன்.
புலியோ, லாரியோ, தொப்பி போட்ட முயலோ,
கறுப்பு கிடைத்துவிட்டால் எலும்பு கிடைத்த மாதிரி,
மிச்சமெல்லாம் அதன்மேல் சதை.

இதில் தேடினேன், கிடைக்கவில்லை.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப்
போரின் அடிவயிறு வரை போனேன்.
ஊதா. அதற்குள் செங்கல். அதற்குள்
யாரோ மறந்துவிட்டுப் போன மாதிரி ஒரு பச்சைக் கீற்று.
நிழலுக்குள் இறங்கினேன்.
கத்தரிப்பூ.
கிட்டப் போகப் போகப் போர் கலைந்துவிடுகிறது,
நாற்காலியைப் பின்னால் தள்ளினால்
எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.

கண் தூக்கத்தில் இருக்கிறதென்று
பிரிண்ட் எடுத்து லைட் பாக்ஸில் வைத்தேன்.
எங்களிடம் மூன்று வெளிச்சம் உண்டு, சுவிட்சில்:
பகல், கடை, வீட்டு பல்பு.
பகலில் ஒத்துப்போன இரண்டு துணி
கடை வெளிச்சத்தில் சண்டை போடும்.
அதற்கு அபராதம், டாலரில்.
நிறத்தைத் துணி மட்டும் வைத்திருப்பதில்லை என்று
திருப்பூரில் பத்தாவது ஃபெயிலுக்கும் தெரியும்.
அந்த ஆளிடம் சுவிட்ச் இல்லை.
காத்து நின்றிருக்கிறான்.

மறுநாள் மங்கலம் ரோட்டில், சாமளாபுரத்துக்கு முன்னால்,
வண்டியை ஓரம் கட்டினேன்.
ஒரு தோட்டத்தில் சோளத்தட்டுப் போர்,
மேலே தார்ப்பாய், தார்ப்பாய்மேல் பழைய லாரி டயர்.
மணி ஐந்தே முக்கால்.
உழுத செம்மண்மேல் நிழல் கிழக்கே நீண்டிருந்தது,
கத்தரிப்பூ என்று சத்தியம் செய்ய மாட்டேன்,
ஆனால் சாம்பலும் இல்லை.
டயர்கூடக் கறுப்பாக இல்லை,
அதில் கொஞ்சம் வானம் ஒட்டியிருந்தது.

எருமையைப் பிடித்துக்கொண்டு வந்த அம்மா நின்றார்.
"ஏனுங் தம்பி, எடம் பாக்கறீங்களா?
இது விக்கறதில்லீங்க."
"நிழலுங்க. நிழலைப் பாக்கறேன்."
அவரும் திரும்பிப் பார்த்தார்.
எருமையும் பார்த்ததா என்று கவனிக்கவில்லை.
"நாளைக்கு வந்தா இருக்காதுங்க,
போரைப் பிரிச்சிருவோம்."

எட்டு ஸ்கிரீன் போட்டேன், கறுப்பில்லாமல்.
பபுலு இழுத்தான். ஊதாவுக்கு மட்டும் இரண்டு இழுப்பு.
காயும் பெல்ட்டின் மறுமுனையில் எடுத்து
கை நீட்டிப் பிடித்து, தலையைச் சாய்த்து,
"வெயில்" என்றான்.
அவன் தமிழில் அதுவரை சொன்னது
சோறு, சம்பளம், ஞாயிற்றுக்கிழமை.

ஐந்தாம் நாள் பையரின் மெயில்:
நிழல் ஊதாவாகத் தெரிகிறது.
தயவுசெய்து கறுப்பு சேர்க்கவும்.

எட்டுக்குள் இடம் வேண்டுமே,
பச்சைக் கீற்றை எடுத்தேன்.
அப்ரூவ்டு.
நாற்பத்திரண்டாயிரம் பீஸ் தூத்துக்குடி போய்விட்டது,
எலும்போடு.
மகளுக்கு முதல் சாம்பிளைப் போட்டுவிட்டேன்,
அதில் நேற்று மாம்பழக் கறை. சேர்ந்துகொண்டது.

இன்று நொய்யல் பாலத்தில் மழைக்குப் பின் நுரை.
வெள்ளைதான் என்று தாண்டிப் போயிருப்பேன்.
நுரைக்கும் நிழல் விழுகிறது தண்ணீரில்,
அது என்ன
என்று குனிவதற்குள்
பின்னால் பல்லடம் பஸ்,
ஹாரன்.