மிச்ச ஏழு

சிப்பாங்கிலிருந்து லண்டனுக்குப்
பத்தாயிரத்து அறுநூறு கிலோமீட்டர்.
பதினாலு மணி நேரம் பறந்தாய், லோகேஸ்வரி.
இறங்கியபோது கடிகாரத்தில்
ஏழுதான் கழிந்திருந்ததாம்.

மிச்சமிருந்த ஏழை என்ன செய்தாய்?

இங்கே பாயான் லெப்பாஸில்
ஏழு மணி நேரம் என்றால் ஓவர்டைம்.
ஒன்றரை மடங்கு சம்பளம்,
இரண்டு தடவை தேத்தண்ணி,
நுண்ணோக்கியில் குனிந்தே வீங்கிய கண்.
உன் டிக்கெட் அதில் சேர்ந்ததுதான்.

அன்றைக்கு போன் திரையில்
அந்தக் குட்டி விமானம் வளைந்து வளைந்து போனது.
நேராகப் போகத் தெரியாதா இதற்கு என்றேன்.
அதுதான் குறுக்குவழி என்றான்
பக்கத்து மெஷின் ஹஃபிஸ்.

இருக்கலாம்.

திரும்பி வருகிறவர்களிடம்
அந்த ஏழையும் பிடுங்கிக்கொள்வார்களாமே.
அதற்குப் பயந்தா
வராமலே இருக்கிறாய்?