நான்கு கிலோ எழுநூறு

பஸ் நிலையத்துப் பின்மதிலோரம் கிடந்த மானை
நகரசபை ட்ரக்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள்.
புள்ளிகள் அப்படியே இருந்தன.
கண்ணில் ஓர் ஈ, எழும்பாமல்.

டொக்டர் சில்மியா வெட்டினா.
எழுதுவது என் வேலை.
மிருக வைத்தியக் கந்தோரில் பதினொரு வருடமாக
யாரோ சொல்ல நான் எழுதுகிறேன்.

எழுதுங்க, தயாநிதி:
லன்ச் சீட், பதினாறு.
சொப்பிங் பேக், எண்ண முடியவில்லை.
மிக்சர் பக்கெற். நைலோன் கயிறு ஒரு முழம்.
அர்ச்சனைப் பை ஒன்று,
உள்ளே திருநீறு, இன்னும் நனையாமல்.
எல்லாம் சேர்த்து நான்கு கிலோ எழுநூறு.

மரணத்தின் காரணம் என்ற கட்டத்தில்
பேனை நின்றது.
அவ கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னா:
பசி.

வயிறு நிரம்பித்தானே கிடக்கு, டொக்டர்?

நிரம்பினதாலதான்.
புல்லுக்கு இடமில்லை.

மத்தியானம் ஒரு சுற்றறிக்கைக்குப் பதில் எழுத இருந்தேன்.
முதல் வரியை நாலு தரம் வாசித்தேன்.
நாலு தரமும் அது கண்ணோடு நின்றது.
பிறகு பதிவேட்டின் கடைசித் தாளைத் திருப்பி
அதே கையெழுத்தில், அதே ஒழுங்கில்:

பெண். வயது நாற்பத்திரண்டு.
லீசிங் தவணை, பத்தாந் திகதி.
கட்டாரிலிருந்து தம்பியின் குரற்பதிவு, கேட்காதது, மூன்று.
காஸ் மூடினேனா.
கலியாண வீட்டில் மச்சாள் சொன்ன ஒரு வசனம்.
அதற்கு நான் சொல்லாத பதில்கள், ஒன்பது விதமாக.
முன்வீட்டுக்காரரின் புதுக் கேற்.
எந்த ஊரிலோ யாரோ அடிபட்ட வீடியோ,
முழுவதும் பார்த்தது, இரண்டு தரம்.
காஸ் மூடினேனா.
எண்ண முடியவில்லை.

ஒன்றை மட்டும் எழுதவில்லை.
காலையில் டொக்டர் விரலால் காட்டினா:
ஒரு நீலப் பை இரைப்பைச் சுவரோடு ஒட்டி
தோலாகவே ஆகிவிட்டிருந்தது.
இழுத்தால் சுவர் கிழியும், விடுங்க என்றா.
எனக்கும் ஒரு டிசம்பர் காலை உண்டு,
கடல் பின்வாங்கிப்போன அந்தச் சத்தமின்மை.
விட்டேன்.

ஐந்து மணிக்கு டச்பே.
கச்சான் சுருளுக்குள் கையை விட்டபடி
மணலில் இருந்தேன்.
கடலைப் பார்த்தால் மனம் காலியாகும் என்பார்கள்.
ஆகவில்லை.
காஸ் வந்தது.
மச்சாள் வந்தா, சீலை மாற்றிக்கொண்டு.
வந்தவற்றை விழுங்காமல் இருந்தேன்,
அவ்வளவுதான் செய்தது.
கொஞ்ச நேரத்தில் சில
தாங்களாகவே எழும்பிப் போயின,
கதிரை கொடுக்காத வீட்டு விருந்தாளிகளைப்போல.

கோட்டைப் பக்கமிருந்து ஒரு பெண்மான் இறங்கிவந்து
வள்ளமொன்றின் நிழலில் கால்மடக்கிப் படுத்தது.
தின்றதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து
அசைபோடத் தொடங்கியது.
தாடை இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
ஒரு கவளம் முடிந்து கழுத்தில் இறங்குவது
வெளியே தெரிந்தது.
அடுத்தது மேலே வருமுன்
தாடை நின்றது.
ஒரு கணம் வாயில் ஒன்றுமில்லை.
பிறகு அடுத்தது.

அந்த ஒரு கணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
இருட்டி, கோவில் மணி கேட்டு,
மான் வெறும் நிழலாகும் வரைக்கும்.

கச்சான் சுற்றிய தாள், யாரோ பிள்ளையின் கணக்குக் கொப்பி.
கசக்கி எறியப் போன கை
பாதியில் நின்றது.
மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

வீட்டில் காஸ் மூடித்தான் இருந்தது.
விளக்கைப் போடாமல் இருந்து
தம்பியின் முதலாவது குரற்பதிவைக் கேட்டேன்.
காற்றிரைச்சல். யாரோ இரும்பு தட்டும் சத்தம்.
பிறகு அவன்: அக்கா, சாப்பிட்டிட்டியா?

மற்ற இரண்டும் நாளைக்கு.